தமிழில்: கலைமதி

"ஏனுங்க டீச்சர், அந்தம்மா இங்கிலீஷ்ல பேசறத அப்படியே தமிழ்ல சொல்லோணும்னு கட்டாயமில்லீங்க. இதைப் படிச்சுப்போட்டு எந்திரிச்சு வந்துருங்க. போதும்."

தேயிலை எஸ்டேட்டின் பீல்டு ஆபீசர் நல்லசாமி, டைப் செய்த இரண்டு தாள்களைக் கலைமதியிடம் நீட்டினார்.

குன்னூரில் ஓர் அரங்கம். ஆராய்ச்சியாளர்களும் கண்டுபிடிப்பாளர்களும் கலைஞர்களும் ஆளுக்குப் பதினெட்டு நிமிடம் பேசும் நிகழ்ச்சி. செலவில் பாதி எஸ்டேட்டுடையது. அதனால் மேடையின் பின்திரையில் எஸ்டேட்டின் பெயர் பெரிதாக இருந்தது. கடைசி மூன்று வரிசைகளில், எஸ்டேட்டின் மேட்டு லைன் வரிசை வீடுகளில் குடியிருக்கும் தொழிலாளர்கள் நாற்பது பேர் உட்கார வைக்கப்பட்டிருந்தார்கள். அவர்களுக்கு இங்கிலீஷ் தெரியாது என்பதால் ஆளுக்கொரு ஹெட்போன். அதில் வரும் தமிழுக்கு எஸ்டேட் பள்ளிக்கூடத்து டீச்சர் கலைமதி.

கலைமதி தாளைப் படித்துப் பார்த்தாள்.

"மேட்டு லைன் வீடெல்லாம் உறுதியா நிக்குதுன்னு இருக்குதுங்களே சார். மண்ணை ஆராய்ச்சி பண்ற லோயிஸ் மேடம் அப்படிச் சொல்லலீங்க. அவங்க பேச்சை எனக்கு முன்னாடியே அனுப்பியிருக்காங்க. மழை இப்படியே பேஞ்சா அந்தச் சரிவு மொத்தமா இறங்கிரும்னுதான் அதுல இருக்குது."

"இருந்துட்டுப் போகட்டுங்க. நாப்பது பேரும் பயந்து மூட்டை கட்டினா கொழுந்து யாரு பறிக்கறது? நானா, நீங்களா?"

"உசிரு போற விசயமுங்க."

"உங்க வேலை இன்னும் பர்மனென்ட் ஆகலைல்லங்க?" மழை விட்டுவிட்டதா என்று கேட்பதுபோல நல்லசாமி கேட்டார். "நீங்க பேசறது பூரா ரெக்கார்டு ஆகுது டீச்சர். அப்புறமா உக்காந்து கேப்பேன்."

கலைமதி தாள்களோடு உள்ளே போனாள். அவளுக்கான இடம் அரங்கின் பின்மூலையில், தொழிலாளர்களுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி அறை. ஓர் ஆள்தான் உட்காரலாம். நல்லசாமி முன்வரிசையில் போய் உட்கார்ந்தார்.

முதலில் உண்ணிச்செடிக் குச்சியில் நாற்காலி செய்யும் கலைஞர் பேசினார். அடுத்து, உருளைக்கிழங்கு நோயை வாசனையிலேயே கண்டுபிடிக்கும் கருவி செய்தவர். இரண்டையும் கலைமதி ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னாள்.

மூன்றாவதாக மண் ஆராய்ச்சியாளர் லோயிஸ். திரையில் மேட்டு லைனின் படம் வந்தது. வீடுகளுக்கு மேலே, தேயிலைச் செடிகளுக்கு நடுவே, இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு வெடிப்பு. இந்தப் பதினாறு வீடுகளையும் இந்த வாரமே காலி செய்ய வேண்டும், அடுத்த வாரம் என்பது தாமதம் என்று லோயிஸ் இங்கிலீஷில் சொன்னார். இங்கிலீஷ் தெரிந்தவர்கள் கைதட்டினார்கள். சிலர் படத்தை மொபைலில் எடுத்துக்கொண்டார்கள்.

ஹெட்போனில் கலைமதியின் குரல் தடங்கலில்லாமல் வந்தது. "நம் எஸ்டேட்டின் மண் வளமான மண். மேட்டு லைன் வீடுகள் உறுதியாக நிற்கின்றன. யாரும் கவலைப்பட வேண்டியதில்லை."

லோயிஸ் பேசி முடிக்க இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. கடைசி வரிசையில் கொழுந்து பறிக்கும் காத்தாயி எழுந்தாள். ஹெட்போனைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே நடந்தாள். அவள் பின்னால் மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். மூன்று வரிசையும் காலி.

நிகழ்ச்சியை நடத்தும் ரேகா வாசலுக்கு ஓடினாள். "எங்கீங்க எல்லாரும் கெளம்பிட்டீங்க? மத்தியானம் பிரியாணி இருக்குதுங்க."

"வேல கெடக்கு தாயி," என்றாள் காத்தாயி.

மேடையிலிருந்து இறங்கி வந்த லோயிஸின் முகம் வாடியிருந்தது. "நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

"சேச்சே. அவங்களுக்குப் பேச்சு போரடிச்சிருச்சுங்க," என்றார் நல்லசாமி.

அது ஞாயிற்றுக்கிழமை. மழை நிற்கவில்லை. செவ்வாய்க்கிழமை விடியற்காலை சரிவு இறங்கியது. பதினாறு வீடுகளும் மண்ணுக்குள் போயின. உள்ளே ஓர் ஆள் இல்லை. ஞாயிறு சாயங்காலத்திலிருந்தே எல்லாரும் சட்டி பானை, பிள்ளைகுட்டிகளோடு பஜார் சமுதாயக்கூடத்தில் இருந்தார்கள்.

புதன்கிழமை நல்லசாமி கலைமதியை ஆபீசுக்குக் கூப்பிட்டார்.

"டீச்சர், நீங்க என்னமோ சேத்திச் சொல்லிப்போட்டீங்க."

"இல்லீங்க சார். ரெக்கார்டு இருக்குதுங்களே, கேட்டுப் பாருங்க."

நல்லசாமி கேட்டார். டைப் செய்த தாளின் நகலை மேசையில் விரித்து, ஒவ்வொரு வரியாகப் பென்சிலை நகர்த்திக்கொண்டே கேட்டார். ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை. சந்தேகம் தீராமல் முதலிலிருந்து மறுபடியும் கேட்டார். கலைமதி நின்றுகொண்டிருந்தாள்.

"அப்புறம் எதுக்குங்க எந்திரிச்சுப் போனாங்க?"

"போரடிச்சிருச்சுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க."

அவர் தாளை மடித்து உள்ளே வைத்தார். "சரி, கரெக்டாத்தான் படிச்சிருக்கீங்க. உங்க பர்மனென்ட்டுக்கு நான் எழுதறேன். போங்க."

வெளியே, மழைக்குப் பிளாஸ்டிக் ஷீட்டைப் போர்த்திக்கொண்டு காத்தாயி நின்றிருந்தாள். கலைமதியைக் கண்டதும் கிட்டே வந்து குரலைத் தணித்தாள்.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர், நாங்க ஒடனே எந்திரிக்காம இருந்ததுக்கு. வாயால அதப் படிச்சுக்கிட்டே கண்ணாடியில மூச்ச விட்டு, 'எல்லாம் பொய், வீடு இடியும், இன்னைக்கே கெளம்புங்க'ன்னு நீங்க வெரலால எழுதினது எங்க பக்கம் திரும்பியில்ல தெரிஞ்சிச்சு. எழுத்துக் கூட்டி முடிக்கத்தான் அவ்வளவு நேரமாயிருச்சு."