வலப்பக்கத் தட்டு

அனிருத் ஆறு மணிக்கு எழுந்தான். பல் தேய்த்தான், பால் காய்ச்சினான், இரண்டு டம்ளரில் காபி கலந்தான். ஒன்றைக் குடித்தான். மற்றது ஆறி ஆடை படிந்ததும் தொட்டியில் கொட்டிவிட்டு, இரண்டையும் கழுவிக் கவிழ்த்தான்.

புயல் கடந்து பதினான்கு நாள். முடிச்சூர் வீட்டில் சமையலறையை மட்டும்தான் கழுவியிருந்தான். இன்சூரன்ஸ் சர்வேயர் பார்க்கும்வரை வேறெதையும் தொடக் கூடாதென்று போனில் சொல்லியிருந்தார்கள். படுக்கையறையில் சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது.

பத்து மணிக்கு சர்வேயர் சக்திவேல் வந்தார். மாடி வீட்டு ரோஸி அக்காவும் இறங்கி வந்தாள். சேதப் பட்டியலே அவள் சொல்லச் சொல்ல அவன் எழுதியதுதான்.

ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில் என்று டிக் அடித்துக்கொண்டே வந்தவர், அலமாரியைத் திறந்ததும் நின்றார். கீழ்த்தட்டில் இடப்பக்கம் அனிருத்தின் சட்டைகள் பூஞ்சை பிடித்துக் கிடந்தன. வலப்பக்கம் காலி.

“பட்டுப்புடவை பதினாறுன்னு போட்டிருக்கு. எங்க சார்?”

“நாறிப் போயிருக்கும், தூக்கிப் போட்டிருப்பாரு,” என்று ரோஸி முந்திக்கொண்டாள்.

சக்திவேல் சட்டைகளைப் பேனாவால் தூக்கிக் காட்டினார். அடியில் பலகை சுத்தமாக இருந்தது. வலப்பக்கம் விரலால் ஒரு கோடு போட்டார். மூலைவரை ஒரே சீராகச் சேறு.

“தண்ணி வர்றப்பவே இந்தப் பக்கம் காலி சார். ஒரு அயிட்டம் பொய்னா மொத்த க்ளெய்மும் போயிடும். யோசிச்சுச் சொல்லுங்க.”

ரோஸிக்குப் பொறுக்கவில்லை.

“இன்னா சார் பேசற? பொண்டாட்டிய வெள்ளத்துல வுட்டுட்டு நிக்கறாரு, அவராண்ட போய் பொய்யின்றியே! புயலன்னிக்கு காத்தால புருஷன் காப்பிக்குப் பாலு வாங்க வண்டி எடுத்துகினு போச்சு சார் சின்மயி. ‘பால் வாங்கிட்டு வந்துடறேன் அனி’ன்னு சொன்னதுதான் கடைசி வார்த்தை. இன்னிக்கும் ரெண்டு டம்ளர் போட்டுகினு கீது இந்தப் புள்ள. பாலு வாங்கப் போறவ பொடவைய மூட்ட கட்டிகினா போவா?”

சக்திவேலின் முகம் சுருங்கியது. “சாரி சார். தெரியாம கேட்டுட்டேன். அப்படியே எழுதிக்கறேன்.”

அனிருத் சேற்றில் விழுந்திருந்த விரல் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அதை அடிச்சிடுங்க சார்.”

“இன்னாத்துக்கு தம்பி?” ரோஸி பதறினாள். “அப்ப பொடவையெல்லாம் எங்க?”

“அவளோட போச்சுக்கா. முந்தின நாளே பெட்டியில எடுத்து வெச்சிருக்கா. எனக்கு அவ கெளம்பறப்பதான் தெரியும்.”

ரோஸி காலித் தட்டை எட்டிப் பார்த்தாள். “பாலு வாங்கிட்டு வர்றேன்னு சொன்னது?”

“அது நான் சொன்னதுக்கா. எல்லாரும் கேட்டீங்களே.”

“அப்போ சின்மயி இன்னாதான் சொல்லிச்சு?”

“‘இனிமே ஒரு டம்ளர் போட்டா போதும், அனி.’”