கோட்டோடு வந்தால் நல்ல சேதி

“அழாத கண்ணு. டாக்டர் கோட்டோட வெளிய வந்தா, உன் புள்ள பொழச்சுட்டான்னு அர்த்தம்.”

சொல்லிக்கொண்டே வார்டு ஆயா பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். கீழ் மாடியைத் துடைத்து முடித்து, வாளியும் கையுமாக அப்போதுதான் மேலே வந்திருந்தாள். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஒரு பெண் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை.

பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் கிளம்பிய பையன். தெருமுனையிலேயே லாரி அடித்துவிட்டது. அவ்வளவுதான் அந்தப் பெண் சொன்னாள்.

“கோட்டு இல்லாம வந்தா?” என்று மெல்லக் கேட்டாள்.

ஆயா நாக்கைக் கடித்துக்கொண்டாள். வாய் சும்மா இருந்தால்தானே? ஆரம்பித்ததைப் பாதியில் விழுங்கவும் முடியாது.

அந்த டாக்டருக்கு ஒரு பழக்கம். உள்ளே உயிர் போய்விட்டால், வெள்ளைக் கோட்டைக் கழற்றிப் பெரிய சிஸ்டர் கையில் கொடுத்துவிட்டுத்தான் வெளியே வருவார். சொந்தக்காரர் மாதிரி பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து விஷயத்தைச் சொல்வார். கோட்டு போட்டுக்கொண்டு சாவுச் சேதி சொல்ல அவருக்கு வாய் வராது.

“அப்படியா? எனக்குத் தெரியாது” என்றாள் அந்தப் பெண்.

“உனக்கு எப்படித் தெரியும்? இங்கயே கெடக்கற எங்களுக்கே ரொம்ப நாள் கழிச்சுத்தான் புரிஞ்சுது. மூஞ்சி எப்பவும் சிடுசிடுன்னுதான் இருக்கும். ஆனா இந்த மாதிரி கேஸுக்கு அவர விட்டா இங்க வேற ஆளில்ல. ராசியான கை. நீ தைரியமா இரு.”

“காலைல ஒரு வாய் சாப்பிடல அவரு. இவ்வளவு நேரமா நிக்கறாரு. கை நடுங்கிடுமோன்னு பயமா இருக்கு.”

பெற்ற வயிறு பற்றி எரியும்போதும் டாக்டரின் பசியை நினைக்கிறாளே, என்ன மனசு இது என்று ஆயா மலைத்துப்போனாள். இவளுக்குப் போய்க் கெட்டது நடந்தால் கடவுளுக்குக் கண்ணே இல்லை என்று அர்த்தம். ஆயா அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

கதவு திறந்தது. ஆயா டாக்டரின் முகத்தைப் பார்க்கவில்லை, தோளைத்தான் பார்த்தாள். வெள்ளைக் கோட்டு இருந்தது. ஒரு பித்தான் விடாமல் போட்டிருந்தார்.

“பாத்தியா, நான் சொல்லல?”

அந்தப் பெண் அழுகையும் சிரிப்புமாக எழுந்து நின்றாள். ஆயாவுக்கும் கண் கலங்கிவிட்டது. வாளியை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடலாம் என்று குனிந்தாள்.

ஆனால் டாக்டர் வாசலிலேயே நின்றார். ஓர் அடி முன்னால் வரவில்லை. பெரிய சிஸ்டர் அவர் பின்னாலேயே வந்து, புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வழக்கம்போல் கோட்டுக்காகக் கையை நீட்டினாள்.

அவர் இரண்டு கையாலும் காலரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“வேண்டாம் சிஸ்டர். இதக் கழட்டிட்டா நான் டாக்டர் இல்ல, அவனோட அப்பா.”