ஸ்கேனரில் விழாத கத்தி

ஸ்கேனர் அலறியது. கேட்டில் காவல் நின்ற ஜாகா ரிஷாத்தைச் சுவரோடு தள்ளி, வலது கையைப் பலகைமேல் அழுத்தி, முழங்கைக்குக் கீழே ஒரே வெட்டாக வெட்டினான்.

ஈயத் தகடு சுற்றிச் சதைக்குள் ஒளித்து வைத்திருந்த துப்பாக்கிக் குழல் ரத்தத்தோடு தெறித்து விழுந்தது. அடுத்த வெட்டு கழுத்தில். ரிஷாத்தின் தலை கால்வாய் ஓரம் வரை உருண்டது.

"சரி, நான் செத்தாச்சு. யாருக்கு இன்னொரு கிளாஸ் தே தாரிக்?" என்று எழுந்தான் ரிஷாத்.

கீழே அவன் அத்தா நாகூர் மீரானின் சாப்பாட்டுக் கடை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் கூட்டத்தின் இரைச்சல் மாடி வரை வந்தது. மாடியில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே ஒரு மேசை, ஒரு வரைபடம், பகடைகள், மூன்று பேர்.

ஆட்டத்தை நடத்துபவன் தர்மா. இன்னும் அறுபது வருஷம் கழித்து ஈப்போ எப்படி இருக்கும் என்பதுதான் ஆட்டம். ஊரில் பாதிப் பேர் உடம்புக்குள் இரும்பு. அனுமதியில்லாத இரும்போடு ஸ்கேனரில் மாட்டியவனை அங்கேயே வெட்டுவார்கள்.

இந்த ஆட்டத்தை உண்டாக்கியது தர்மாவின் அண்ணன் ஷர்வின். போன வருஷம் செமோர் பக்கம் பழைய எஸ்டேட் கோயில் திருவிழாவில், கூட்டத்துக்குள் வைத்தே அவன் வயிற்றைக் கிழித்துப் போட்டார்கள்.

கேங்கை விட்டு விலகியவன் அவன். கேங் ஆள்தான் குத்தினான் என்று எல்லாருக்கும் தெரியும். எந்த ஆள் என்றுதான் தெரியாது. கோயில் வாசலில் நேப்பாள்கார ஜாகாக்கள் ஸ்கேனரைக் கையில் பிடித்து ஒவ்வொருவராகச் சோதித்துத்தான் உள்ளே விட்டார்கள். கத்தி எப்படி உள்ளே போனது என்று போலீசுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

"அண்ணன் பாதியில விட்ட ஆட்டத்த முடிச்சிடுவோம்டா" என்று தர்மாதான் மற்ற இருவரையும் கூப்பிட்டிருந்தான்.

இப்போது மிச்சம் இருப்பது யுகேந்திரன் மட்டும். அவன் ஆடும் ஆளுக்குப் பெயர் அருவா; முன்கைக்குள் மடக்கி வைத்த ஒரு முழக் கத்தி. வருஷக்கணக்கில் சாகாமல் காப்பாற்றிவந்த ஆள். கேட்டைத் தாண்டினால் உள்ளே இருக்கும் பெரிய முதலாளி, தவுக்கேயின் கழுத்து கிடைக்கும். தாண்டாவிட்டால் அருவாவின் கதை முடிந்தது.

"மாவுக்கட்டு போட்டு மறைச்சுக்கிறேன்" என்றான் யுகேந்திரன்.

"ஜாகா சுத்தியலால ஒடைக்கிறான். எலும்பையும் சேத்து" என்றான் தர்மா.

"ஈயத் தகடு சுத்திக்கிட்டா?"

"ரிஷாத் அதுலதான் செத்தான்."

"அவன் மூளை இல்லாம செத்தான்லா."

"ஒன் தே தண்ணியில துப்பிருவேன், பாத்துக்க" என்று கிளாஸை அவன் முன்னால் வைத்தான் ரிஷாத்.

யுகேந்திரன் வரைபடத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு சிரித்தான்.

"காவடி எடுத்துட்டுப் போறேன். முதுகு பூரா கொக்கி, கன்னத்துல வேல், மூஞ்சி பூரா மஞ்சள். பெத்தவளுக்கே அடையாளம் தெரியாது. ஸ்கேனர் கத்தட்டும்லா! எந்த இரும்புக்குக் கத்துதுன்னு எவன் கண்டான்?"

"முதுகு பிஞ்சிரும்டா" என்றான் ரிஷாத்.

"மொத கொக்கிதான் சுருக்குங்கும். அப்புறம் மரத்துப் போயிரும்."

"காவடியே எடுக்காதவன் பேசுறான் பாரு."

யுகேந்திரன் அதைக் காதில் வாங்கவில்லை. பகடையைக் கையில் எடுத்துக் குலுக்கினான்.

"ஜாகா கையால தடவிப் பாப்பான்" என்றான் தர்மா.

"பாக்க மாட்டான்."

"பாப்பான். என் ஊர்ல சாமியும் இல்ல, பூதமும் இல்ல. உருட்டு."

பகடை உருண்டு ஒன்றில் நின்றது. இருப்பதிலேயே மோசமான எண்.

தர்மா குரலை உயர்த்தவில்லை. "ஜாகா கொக்கிய எல்லாம் சதையோட பிச்சு எறியிறான். வேலப் புடிச்சு இழுக்குறான், கன்னம் காது வரைக்கும் கிழியுது. கையைப் பொளந்து கத்திய உருவுறான். அருவா தரையில கெடந்து துடிக்கிறான்."

"டேய், நிறுத்துடா."

"அந்தக் கத்தியாலேயே அவன் கொடல அள்ளி வெளிய போடுறான். மட்டமான யோசனை மச்சான். எந்த ஊர் ஜாகாவும் அப்படி ஒருத்தன உள்ள விட மாட்டான். மடையன்தான் இத நம்பிப் போவான்."

யுகேந்திரன் மேசையை உதைத்துக்கொண்டு எழுந்தான். தே தாரிக் வரைபடமெங்கும் கொட்டியது.

"எவன்டா மடையன்? அந்த நேப்பாள்காரன் என்னத் தொடக்கூட இல்ல! ஸ்கேனரக் கீழ வச்சிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டான்லா! குனிஞ்சு, நெத்தியில துண்ணூறு பூசிவிடச் சொன்னான்!"

கீழே யாரோ ரொட்டி கேட்டுச் சத்தம் போட்டார்கள்.

ரிஷாத் மெதுவாக நடந்து போய்க் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டான். மேசையில் கொட்டிக் கிடந்த தே தண்ணியைத் தர்மா துடைக்கவில்லை. அரிசி மூட்டைக்குப் பின்னால் கையை விட்டு, ஒரு பாராங் கத்தியை உருவி எடுத்தான்.

"அண்ணன் செத்த அன்னைக்கு நீ ஊர்லயே இல்ல, பாரிட் புந்தார்ல இருந்தேன்னு சொன்னியே, மச்சான்."