சலவைத்துறை டிராம்

டிராம் உப்புக்கிடங்கு வரைக்கும்தான் போகும். அங்கிருந்து சலவைத்துறைக்குத் தண்டவாளத்தை நீட்டுவது பரிசீலனையில் இருப்பதாக ஒவ்வொரு மந்திரியும் சொல்லிவிட்டுப் போனார். இந்த முறை மந்திரி நேரில் பார்க்க வருகிறார் என்று, மாநகராட்சி ஆட்கள் விடியும் முன்பே தெருவின் இரண்டு ஓரமும் பிளீச்சிங் பவுடரால் கோடு இழுத்திருந்தார்கள். குறுகலான தெரு. தண்டவாளம் முடிகிற இடத்திலிருந்து அந்த வெள்ளைக் கோடுகள் அதே அகலத்தில் நேராக ஓடின. மந்திரி வரவில்லை. காலை டிராம் வந்தது.

"கடைசி ஸ்டாப், எறங்குங்க" என்று தினமும் கத்துகிற கண்டக்டர் நாதமுனி, அன்று கோடுகளைப் பார்த்தபடியே இறங்கி, அவற்றின் நடுவில் போய் நின்று விசில் ஊதினார்.

"சலவைத்துறை போறவங்கல்லாம் ஏறிக்கோங்க."

மீன்கூடையோடு கன்னியம்மாதான் முதலில் போய் அவர் தோளைப் பிடித்தாள். "தெனம் இத்தத் தூக்கினு நடந்தே போறேன். இன்னிக்கி டிராம்ல போறேன்." அவள் தோளை இன்னொருவர் பிடிக்க, வரிசை நீண்டது. டிரைவர் வண்டிக்குள் இருந்தபடியே மணியை மிதித்தார். எல்லோரும் நகர்ந்தார்கள்.

எதிரே வந்த ரிக்‌ஷாக்காரர், "இன்னா நைனா இது?" என்றார்.

"டிராமு. வழி வுடு."

அவர் ரிக்‌ஷாவை ஓரங்கட்டிவிட்டு வந்து கடைசியில் ஏறிக்கொண்டார்.

பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு கோடுகளும் பாலாகக் கரைந்து சாக்கடைக்குள் ஓடின. நாதமுனி வாயிலிருந்து விசிலை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

ஒருவரும் இறங்கவில்லை.