பின்கட்டு காலி

வாசலில் நின்ற இளைஞனும் பெண்ணும் பின்கட்டை வாடகைக்குக் கேட்டார்கள். அப்பாதுரை மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

விஷயம் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். தரகர் சின்னக்கண்ணு மூன்று நாளைக்கு முன்பே கடிதம் போட்டிருந்தார். 'திண்டிவனத்துப் பெண் ஆபீசில் வேலை பார்க்கிறது. தெருவைப் பார்க்காமல் சம்மதம் சொல்லாதாம். அண்ணனும் தங்கையுமாக, வாடகைக்கு வீடு கேட்பவர்கள்போல் வருவார்கள். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம்.'

மகன் சீனுவாசனுக்கு முப்பத்து மூன்று முடிந்துவிட்டது. ஏழு சம்பந்தங்கள் கைநழுவிப் போயிருந்தன. கெடார் கிராமத்தில் நாலு தலைமுறையாக நிலம் வைத்து வாழ்ந்த குடும்பம். விழுப்புரத்தில் வீடு கட்டி வந்த பிறகு, குலம் கோத்திரம் கேட்க வேண்டிய பெண் வீட்டார் குழாயடியில் நின்ற குடவரிசையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். இதுவும் தட்டிப் போனால் சாதிசனத்தில் தலைகாட்ட முடியாது.

அதனால்தான் கதவில் ஒட்டியிருந்த பன்னிரண்டு நிபந்தனைகளை நேற்றே சுரண்டி எடுத்திருந்தார். ரேடியோ கூடாது, விருந்தாளி ஒரு நாளைக்கு மேல் தங்கக் கூடாது, ஆறு மணிக்குக் கேட் பூட்டப்படும் என்றெல்லாம் அதில் இருந்தது. அந்தக் காகிதத்தின் புண்ணியத்தில் பின்கட்டு எட்டு மாதமாகக் காலி.

"எங்கிருந்து வர்றீங்க, தம்பி?"

"திண்டிவனங்க. தெனமும் பஸ்ல வந்து போறது ஒரே பேஜாரா இருக்குங்க."

பையன் நன்றாகத்தான் நடிக்கிறான் என்று அப்பாதுரை நினைத்தார். பார்வையை வாசல் தூணில் நிறுத்திக்கொண்டார். அயலார் வீட்டுப் பெண்ணை ஏறிட்டுப் பார்ப்பது அவர் குடும்பத்து வழக்கம் அல்ல. எந்தப் பெண் வந்தாலும் தூணோடுதான் பேசுவார்.

"ஏங்க, தண்ணி..." என்று அந்தப் பெண் மெதுவாக எடுத்துக்கொடுத்தாள்.

"கொழாவுல காலையில ஒரு மணி நேரம் வரும்மா. பத்தலன்னா மோட்டாரு போட்டுடறேன், இந்த மாசமே" என்றார் அப்பாதுரை தூணிடம்.

சமையலறையில் கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. வீடு கட்டிய நாளிலிருந்து மனைவி பாஞ்சாலி கேட்டுச் சலித்துப்போன மோட்டார் அது.

"தெருவுல லைட்டு எரியுதுங்களா? நான் வேல முடிஞ்சி வர எட்டு மணி ஆயிடும்" என்றாள் பெண்.

"எட்டு என்னம்மா எட்டு, ஒம்போதுக்கு வா. நம்ம வூட்டு வாசல்லயே ஒரு லைட்டு போட்டுட்டாப் போச்சு."

இளைஞன் தெருவை ஒருமுறை பார்த்தான். "அக்கம்பக்கம் எப்படிங்க? யாரு வர்றாங்க, யாரு போறாங்கன்னு நோண்டிக்கினே இருப்பாங்களா?"

அந்தத் தெருவில் அப்படி நோண்டுகிறவர் ஒரே ஒருவர்தான். அவர், "சேச்சே! அந்த மாதிரி ஆளே இந்தத் தெருவுல கெடையாது, தம்பி" என்றார்.

"டி.வி. ஒண்ணு வருதுங்க. மாடியில கம்பி கட்டணும்."

சீர்வரிசையில் டி.வி.யும் இருக்கிறதா! தாமாக வாய்விட்டுக் கேட்கும் இழிவு குடும்பத்துக்கு நேராமல் போனதில் அப்பாதுரையின் முதுகு இன்னும் நிமிர்ந்தது. "ஒண்ணுக்கு ரெண்டு கம்பியா கட்டிக்கோங்க" என்றார்.

"சாயந்தரத்துல மொட்டமாடியில ஒக்காந்து பேசிக்கினு இருக்கலாமுங்களா? சிநேகிதங்க வருவாங்க. கொஞ்சம் சிரிப்பும் சத்தமுமா இருக்கும்" என்றாள் பெண்.

"சிரிங்கம்மா. இந்த வூட்டுல சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தினி வருசமாச்சு!"

காரணம் சொல்லாமல் அவர் கிண்டச் சொல்லியிருந்த கேசரியைத் தட்டில் கொண்டுவந்த பாஞ்சாலி, பெண்ணை மேலும் கீழும் பார்த்தாள். அவள் முகம் மாறியது. கணவன் பக்கம் குனிந்து, "ஏங்க, செத்த உள்ள வந்துட்டுப் போங்களேன்" என்று கிசுகிசுத்தாள்.

"பேசிக்கினு இருக்கறது தெரியல?"

"இல்லீங்க, அந்தப் பொண்ணு..."

"எல்லாம் எனக்குத் தெரியும். நீ உள்ள போ."

பாஞ்சாலி தலையில் அடித்துக்கொண்டு போனாள். கேசரியை ஆளுக்கு ஒரு வாய் போட்டுக்கொண்டு இருவரும் ஏதோ தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். அப்பாதுரை காதைத் தீட்டிக்கொண்டு தூணை இன்னும் நெருங்கினார்.

"எடம் எங்களுக்கு ரொம்பப் புடிச்சிருக்குங்க" என்றாள் பெண். "இதுக்குள்ள பத்து எடம் பாத்துட்டோம். இந்த மாதிரி மனசு வச்சி யாருமே பேசலைங்க."

எட்டாவது சம்பந்தம் நிலைத்துவிட்டது! அப்பாதுரையின் கண்கள் கலங்கின. சின்னக்கண்ணுவின் எச்சரிக்கை காற்றில் போயிற்று. எதிர்வீட்டுக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினார்.

"இது அப்பாதுரை குடுக்கற வாக்கு. சொன்னதுல ஒண்ணு கொறஞ்சாலும் தெருவுல நிக்க வச்சிக் கேளுங்க! இனிமே நமக்குள்ள என்னம்மா மறைக்கறது? தை பொறந்ததும் மயிலம் முருகன் கோயில்ல கல்யாணத்த வச்சிக்கலாம்!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெண்தான் முதலில் வாய் திறந்தாள்.

"யாருக்குங்க கல்யாணம்? எங்களுக்குத்தான் ஆவணியிலயே ஆயிடுச்சே!"