விசிறிக்கு நேராக இரண்டு கைகள்

தைலப் பட்டறையின் மின்விசிறி கடகடவென்று சுற்றுகிறது. ஜன்னல் கம்பிகளின் நிழல் மேசைமேல் நீண்டு கிடக்கிறது. கழுவுதொட்டியை மறைத்துக்கொண்டு நிற்கிறாள் தங்கை. அவள் இடுப்பில், அடம்பிடிக்கும் பிள்ளையைப் போல, பால்வெள்ளைக் கலவை நிறைந்த எவர்சில்வர் பாத்திரம். காலையில் மூடியைத் திறந்து ஒரே ஒரு தடவை மோந்துவிட்டு, "இதுல வாசனையே இல்ல. தண்ணியக் கலந்து நல்ல தைலத்தக் கெடுத்துட்ட. கொட்டு" என்று அண்ணன் தீர்த்துச் சொல்லிவிட்டான். திறந்ததும் மூக்கைத் துளைத்தால்தான் அவனுக்கு வாசனை. அவள் கொட்டவில்லை. அவனுடைய இடது மணிக்கட்டில் வெறும் எலுமிச்சைத் தைலத்தையும் வலதில் கலவையையும் தடவி, ஒரு மணி நேரமாக விசிறிக்கு நேராக உட்காரவைத்திருக்கிறாள். "இதுல எண்ணெய் பொடிப்பொடித் துளியா தண்ணிக்குள்ள அடைஞ்சு கிடக்குது, அண்ணா. கொஞ்சங்கொஞ்சமாத்தான் வெளிய வரும். உன் அவசரத்துக்கு ஓடி வராது." "வாய் மட்டும் குறைச்சலில்ல" என்றபடி அவன் இடது கையை மோந்து பார்க்கிறான். வியர்வைதான் இருக்கிறது. வலது கையை மூக்கருகே கொண்டுபோகிறான். அப்போதுதான் அரிந்த எலுமிச்சை. புருவம் சுருங்குகிறது. அவள் பார்க்கவில்லை என்று நினைத்து இன்னொரு முறை மோந்துகொள்கிறான். "இப்ப இருக்குது. சாயங்காலம் வரைக்கும் நிக்குமா?" பாத்திரத்தை இறக்காமலே அவள் சுவரிலிருக்கும் விசிறிக் குமிழைப் பார்த்து மோவாயை ஆட்டுகிறாள்.

"ஃபேன இன்னும் வேகமா வை."