சிவப்பு எரிந்தால்

எங்கள் நூல் மில்லில் சிவப்பு விளக்கு எரிந்தால் மிஷின் நின்றுவிட்டது என்று அர்த்தம். மகள் சுகுணாவின் காதுகுத்துக்கு மச்சான் இரவல் கொடுத்த வீடியோ கேமராவையும் அந்தக் கணக்கில்தான் ஓட்டினேன். சிவப்பு இல்லாதபோது எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்துப் படம் பிடித்தேன். முடிந்ததும் பொத்தானை அழுத்தி, சிவப்பு எரிவதைப் பார்த்துவிட்டுத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டேன்.

இருபது வருடம் அந்தக் கேசட் பீரோவில் கிடந்தது. போன தையில் என் மனைவி நாகமணி இறந்துபோனாள். அம்மா பேசுவதை இன்னொரு தடவை கேட்க வேண்டும் என்று சுகுணா அதை டிவியில் போட்டாள். புல், செருப்புகள், என் வேட்டிக்கரை. அவ்வளவுதான். கேமராவில் சிவப்பு எரிந்தால்தான் ஓடுகிறது என்று அர்த்தமாம்.

"கெடுத்துப் போட்டீங்களேப்பா! அம்மா மூஞ்சியவே காணோம்."

"பொறு கண்ணு. காதக் குடு" என்றேன்.

செருப்புகளுக்கு மேலிருந்து நாகமணியின் குரல் வந்தது. "ஏனுங், அந்தக் கருமத்த எறக்கி வெச்சுட்டு வந்து சோறுண்ணுங்க. உங்களத் தவிர ஊரே படத்துல இருக்குது. இங்க குடுங்க, நான் புடிக்கறேன்."

"சும்மா புடி, பயப்படாத. அது நின்னுதான் கெடக்குது." இது என் குரல்.

புல் சுழன்று வானம் வந்தது. பிறகு, பார்க்க வேண்டிய பக்கத்தை விட்டுவிட்டு முன்பக்கக் கண்ணாடியில் அவள் தன் கண்ணை வைத்தாள். டிவி முழுக்க அந்த ஒற்றைக் கண்.

"உள்ள ஒண்ணுமே தெரியலீங்களே. நீங்க அசையாம இருங்க, பாக்கறேன்."

சுகுணா முடியை ஒதுக்கிக்கொண்டாள். நான் சட்டைக் காலரை இழுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.